வெளுத்த செவப்பு

வெளுத்துப் போயிருக்குது. வெளுத்தேதான் போயிருக்குது. கையில எடுத்ததும் இது என்ன கல்லு, யாரு இங்க கொண்டாந்து வெச்சாங்கன்னுதான் எனக்கு மொதல்ல தோணுச்சு. வடகம் காயப்போட்ட வேட்டி காத்துல சுருட்டிக்காம இருக்க மூணு மூலைக்குச் செங்கல் துண்டு வெச்சிருந்தேன், நாலாவது மூலைக்குக் கல்லு கெடைக்காம மாடி ரூமுக்குள்ள கழிச்சுப் போட்டிருந்த லென்ஸ எடுத்து வெச்சேன், குமிழி விழுந்து வீணாப் போனதுதானே, எதுக்காச்சும் ஆகட்டும்னு. ஆயுத பூஜை சமயத்துல வெச்சது, எத்தனையோ தடவை வடகம் காஞ்சு எடுத்தாச்சு, இது மட்டும் அப்படியே மொட்டைமாடியில கெடந்திருக்குது. வைக்கறப்ப செவப்பு. மாதுளை முத்து மாதிரி செவப்பு. இப்பப் பாத்தா அரிசி கழுவுன தண்ணி. திருப்பிப் பாத்தேன், அடிப்பக்கம் மட்டும் லேசா ரோஸா இருக்குது, அதுவும் ஒரு ஓரத்துல. வேட்டியில சாயம் ஒட்டலை, மழையும் பெய்யலை. வெயில் குடிச்சிருக்குது. ஐயோ, இது கூட ஊத்துன மத்த ரெண்டும் எங்க? ஒரே டம்ளர்ல கலக்கி ஒரே கையால ஊத்துன மூணுல இது ஒண்ணு, மத்த ரெண்டும் கார்ல இருக்குது. எங்கூட்டுக்காரரோட பழைய ஹெரால்டு கார்ல, பின்னாடி, வலப்பக்கம் ஒண்ணு, எடப்பக்கம் ஒண்ணு, டெயில் லைட்டுக்கு மூடியா. கார் எங்க இருக்குது? குன்னூர் மலையில. எறங்கிட்டு இருக்குது. கூட மிருதுளா இருக்கறா, என்ற பொண்ணு. கார்த்திகை மாசத்துப் பனிமூட்டம், பொழுது எறங்கிருச்சு, லைட்டுப் போட்டிருப்பாங்க, லைட்டுப் போட்டா பின்னாடி செவப்பா எரியோணும், செவப்பா எரியலீன்னா பின்னாடி வர்றவனுக்கு... நில்லு கலாமணி. மொதல்ல வடகத்தை எடு. வடகத்தை எடுத்துட்டு ரோசனை பண்ணு. ஒண்ணு ரெண்டு ஒட்டிக்கிச்சு, பின்பக்கம் தண்ணி தெளிச்சாத்தான் வரும், தெளிக்க நேரமில்லை, பிச்சா ஒடையுது, ஒடையட்டும். இந்த வேட்டியே எங்கூட்டுக்காரர் கல்யாணத்துக்குக் கட்டுன வேட்டி, வடகத்துக்குப் போட்டுட்டியான்னு ஒரு நாள் பூரா மூஞ்சியத் தூக்கிட்டுத் திரிஞ்சாரு. அந்த மூஞ்சிய நான் இப்பப் பாக்கோணும். இப்பவே பாக்கோணும்.

இதெல்லாம் எனக்கு எதுக்கு வேண்டாத வேலை? சும்மா இருந்திருக்கலாம். பூவு எலையெல்லாம் ரெசின்ல, அந்த ஊத்துனா கல்லாட்ட எறுகற பிசின்ல முக்கி, தட்டும் சாவிக்கொத்தும் பண்ணிட்டு, கண்காட்சியில ஒரு மேசை போட்டு உக்காந்திருந்தவ. பால்காரரோட மொபெட்டு வந்து இடிச்சு அந்தக் காரோட டெயில் லைட் கண்ணாடி விரிஞ்சுதா, இந்த மனுஷன் சோறு தண்ணியில்லாமப் போனாரு. உக்கடத்துப் பழைய சாமான் கடை பூராத் தேடுனாரு, மெட்ராஸ்ல தேடுனாரு, கேரளாக்காரன் ஒருத்தன் தர்றேன்னு சொல்லி வேற எதோ வண்டியோடதை அனுப்பி வெச்சான். நான்தான் வாயக் குடுத்தேன். கண்ணாடின்னு வாயில வருதே ஒழிய அது கண்ணாடி இல்லைங்க, பிளாஸ்டிக்குத்தான், என்ற ரெசின் மாதிரி ஒண்ணு, குடுங்க நான் ஊத்தித் தாரேன்னு. சிரிச்சாரு. சிரிச்சது எனக்கு ரோசமாயிருச்சு. விரிசல்ல மெழுகு தேச்சு, உள்பக்கம் இருக்கற பொடிக் கோடெல்லாம் பல் விளக்கற பிரஷ்ஷுல சுத்தம் பண்ணி, சிலிக்கான்ல அச்சு எடுத்தேன். மொதல்ல ஊத்துனது அச்சோட ஒட்டிக்கிச்சு. அடுத்தது குமிழி. அப்புறம் சூட்டுல வளைஞ்சுது. எப்படியோ ஒண்ணு வந்துது பாருங்க, இவரு அதை ரெண்டு கையிலயும் வாங்கிக் கண்ணுக்கு நேரா வெச்சு என்னையப் பாத்தாரு, செவப்பாத் தெரியறே கலான்னாரு. கல்யாணமாகி இத்தனை வருசத்துல அப்படி ஒரு பார்வை நான் பாத்ததில்லை. அதோட நிறுத்தியிருக்கலாம். கொஞ்ச நாள்ல ஆரம்பிச்சாரு. கலர் சித்தெ மங்கலா இருக்குது, ஒரிஜினல் இப்படி இல்லை, ஒரிஜினல்ல ஒரு உசுரு இருக்கும். பல்லு விளக்கறப்பவும் உசுரு, சாப்பிடறப்பவும் உசுரு. உசுரு வேணுமா, தாரேன்னு, பழைய சாயத்தை ஒதுக்கிட்டு, பூஜைத் தட்டுக்கு வாங்கி வெச்சிருந்த சாயத்தை எடுத்தேன். கண்ணாடியில படம் வரையறவங்க வாங்கற சாயம். ரெண்டு சொட்டு விட்டதுமே டம்ளர் பூரா ரத்தமாட்டப் பரவுச்சு, எனக்கே மெய் சிலுத்துப் போச்சு. சும்மா மாட்டலை, சோதனை பண்ணித்தான் மாட்டுனேன். பல்பு முன்னாடி வெச்சு எரிய விட்டேன், வெந்நியில போட்டேன், பெட்ரோல் துணியில தொடச்சேன். எல்லாத்துக்கும் நின்னுது. வெயில்ல மட்டும் வைக்கலை. அட கெரகமே, வருசா வருசம் இந்த மாடியில மொளகாய் காயப்போடறவ நான். எச்சா நாள் வெயில்ல கெடந்தா மொளகாயே வெளுத்துரும், பொழுதோட அள்ளிரோணும்னு எதிர்த்த வீட்டுப் பொண்ணுக்குப் பாடம் எடுக்கறவ நான். என்ற புத்தி அன்னைக்கு எங்க மேயப் போச்சு? செவப்பு அழகா இருக்குதுன்னு மயங்கிட்டேன், வேற என்ன. ஆயுத பூஜை அன்னைக்கு மாட்டி, ரெண்டு லென்ஸ் மேலயும் நானே சந்தனம் குங்குமம் வெச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கி, இவரு வண்டியெடுத்துத் தெருவை ஒரு சுத்துச் சுத்தி வந்தாரு. தெருவே நின்னு பாத்துது. எனக்குத் தலைகால் புரியலை.

வெயில் எவ்வளவு பட்டிருக்கும்? அதைக் கணக்குப் பண்ணு. இது மொட்டை மாடி, காலையில இருந்து பொழுது வரைக்கும் அடி. கார் நிக்கறது கீழ, கேட்டுக்கு உள்ள, பின்பக்கம் மேற்க பாத்து. அப்ப மத்தியானத்துக்கு மேல அடிக்கற வெயில்தான். பாதி வெயில்னா பாதி செவப்பாச்சும் இருக்காதா? இருக்கும். இருந்துதான் ஆகோணும். கவர் வேற போட்டிருப்பாரே. இல்லை, கவரை எலி கடிச்சிருச்சு, தீவாளிக்கு முன்னாடியே தூக்கிப் போட்டுட்டாரு, புதுசு வாங்கோணும் வாங்கோணும்னு சொல்லிட்டே இருந்தாரு. சரி, எதிர்த்த வீட்டு வேப்ப மரம் நெழல் விழுமே. மரம் எங்க இருக்குது? போன மாசம் வெட்டிட்டாங்க. வெட்டறப்ப நான்தான் ஜன்னல்ல நின்னுட்டு, அப்பாடா, இனி வாசல்ல எலை கூட்ட வேண்டியதில்லைன்னு சந்தோசப்பட்டேன். எல்லாப் பக்கமும் வழிவிட்டு அந்த வெயிலைக் கூட்டியாந்து லென்ஸ் மேல உட்டமாதிரி இருக்குது. இல்லை, பயந்துக்காத. நேத்துக்கூட அந்தக் காரைச் சுத்திக் கோலம் போட்டியே, பின்பக்கம் பாத்தியா? பாத்தேன். செவப்பா இருந்துதா? இருந்துது. இருந்துதா? அது உள்ள இருக்கற தகரத்துச் செவப்பா, லென்ஸோட செவப்பா? அந்தக் காரே செவப்புக் கார்தானே, எது எதோட செவப்புன்னு யாரு கண்டா. தெனம் பாக்கற பொருளு கொஞ்சம் கொஞ்சமா வெளுத்தா கண்ணுக்குத் தெரியாது. என்ற தலைமுடி நரைச்சது எனக்குத் தெரிஞ்சுதா? மிருதுளா சொல்லித்தான் தெரிஞ்சுது.

காலையில பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். அதுதான், அங்கதான் வந்து முட்டுது, எங்க சுத்துனாலும் அங்கதான். இந்தக் கார் தூரமாப் போறதுன்னா எங்கூட்டுல ஒரு வழக்கம் இருக்குது. இவரு உள்ள உக்காந்து பிரேக்கை அமுத்துவாரு, நான் பின்னாடி நிப்பேன். எரியுதா கலா? எரியுதுங்க. வலது? எரியுது. எடது? எரியுது. டெயில்? எரியுது. காலை எடுக்கட்டுமா? எடுங்க. அதுக்கப்பறம்தான் கேட்டைத் தெறப்பேன். பழநிக்குப் போனாலும் அப்படித்தான், அவிநாசியில ஒரு விசேசத்துக்குப் போனாலும் அப்படித்தான். மிருதுளா சின்னப் புள்ளையா இருக்கறப்ப நான் சொல்றதுக்கு முன்னாடி அவ கத்துவா, எரியுதூன்னு. ஒரு நாளும் தப்புனதில்லை. இன்னைக்குத் தப்புச்சு. ஏன்னா நேத்து ராத்திரிச் சோத்துல கை வெச்சதும் இவரு சொன்னாரு, குன்னூர்ல பழைய கார்க்காரங்க கூட்டம் முடிஞ்சு எறங்கறப்ப மிருது ஓட்டட்டும்னு. லைசன்ஸ் வாங்கி எத்தனை நாளாச்சு அவளுக்கு? மலையில, வளைவுல, அந்தக் கெழட்டு வண்டியில? உங்களுக்கென்ன பைத்தியமான்னு கேட்டேன். அவளுக்குத் தைரியம் வரோணுமில்லன்னாரு. தைரியம் சமவெளியில வரட்டும்னேன். உனக்குக் கார் ஓட்டத் தெரியாது, நீ பேசாதன்னாரு. அவ்வளவுதான், நான் பேசலை. காலையிலயும் பேசலை. தோசை ஊத்திட்டு இருந்தேன். வெளிய ஸ்டார்ட் பண்ணுனாரு, அந்த இருமல் சத்தம், அப்புறம் அமைதி. அந்த அமைதி எதுக்குன்னு எனக்குத் தெரியும், பிரேக்கை அமுத்திட்டு உக்காந்திருக்கறாரு, நான் பின்னாடி வந்து நிக்கட்டும்னு காத்துட்டு இருக்கறாரு. தோசையைத் திருப்பிப் போட்டேன். ஆரன் ஒரு தடவை அடிச்சாரு, சின்னதா. நான் போகலை. அம்மான்னு மிருது கூப்பிட்டா, அடுப்புல வேலை இருக்குதுன்னேன். அடுப்புல ஒரு வேலையும் இல்லை, அந்தத் தோசை யாருக்கு? ரெண்டு பேரும் சாப்பிட்டாச்சு. அப்புறம் மிருதே எறங்கிக் கேட்டைத் தெறந்தா. வண்டி போயிருச்சு. அந்தத் தோசை கருகி, பொகைஞ்சு, நானே தூக்கிப் போட்டேன். பத்தடி நடந்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். பழைய சாயத்துல ஊத்துனது ரெண்டு, மங்கலானாலும் உசுரைக் காப்பாத்தற செவப்பு, டிராயர்ல சும்மா கெடக்குது, ஸ்குரூ டிரைவர் எடுத்து மாட்டற வேலைதான்.

போன் பண்ணு. எத்தனை தடவை பண்ணியாச்சு. தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கறாராம். அந்தப் பொம்பளைக் கொரலுக்கு ஒரு வெசனமும் இல்லை, நீங்கள் அழைத்த நபர்னு நிதானமாச் சொல்றா. மிருது போனுக்கும் அதே பொம்பளை. ரெண்டு பேரையும் ஒரே எடத்துல வெச்சுட்டு ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா. பல் டாக்டர் அருணகிரிக்குப் போட்டேன், இந்தக் கூட்டத்தைக் கூட்டுனதே அவருதான். சிரிச்சுட்டே எடுத்தாரு. "அட, வாங்க அம்மிணி. உங்க லென்ஸை எங்க ஆளுங்கெல்லாம் பாத்து அசந்துட்டாங்க போங்க." செவப்பா இருந்துதுங்களான்னு கேட்டேன். "என்னங்கம்மிணி?" லென்ஸ், செவப்பா இருந்துதுங்களான்னேன். "செவப்பு வண்டியில செவப்பு லென்ஸு, அதுல என்ன சந்தேகம்? நான் தள்ளி நின்னுதான் பாத்தேன், உள்பக்கம் அந்தக் கோடெல்லாம் எப்படித்தான் கொண்டாந்தீங்களோ." தள்ளி நின்னு பாத்தாராம். அவங்க கெளம்பிட்டாங்களான்னேன். "டீ குடிச்சதும் கெளம்பிட்டாங்க. மூட்டம் இருக்குது சென்னியப்பா, ராத்திரி தங்கிட்டுக் காலையில போன்னு உங்கூட்டுக்காரருகிட்ட நாங்கெல்லாம் சொன்னோம். வூட்டுல கோவமா இருக்கறாங்க, போயாகோணும்னுட்டாரு." வூட்டுல கோவமா இருக்கறாங்களாம். போனை வெச்சுட்டேன். டாக்டரே, டெயில் லைட்டு வெளுத்துப் போச்சுங்க, யாரையாச்சும் பின்னாடி அனுப்புங்கன்னு சொல்லியிருக்கலாம், வாய் வரலை, அசந்துட்டாங்கன்னு சொன்ன ஆளுகிட்ட எப்படிச் சொல்றது. த்தூ, இப்பவும் எனக்குப் பேரு கெட்டுருமேன்னுதான் வருது பாரு. திருப்பிப் போட்டேன், லைன் பிஸி. போலீசுக்கு, நூறுக்குப் போட்டேன். "சொல்லுங்கம்மா, என்ன அவசரம்?" குன்னூர் மலையில ஒரு கார் வருதுங்க, பின்னாடி லைட்டு செவப்பா எரியாதுங்க. "ஆக்சிடெண்ட்டாம்மா?" இல்லைங்க, இன்னும் ஆகலைங்கன்னேன். இன்னும்னு என்ற வாயாலயே சொல்லிட்டேன். நானே கட் பண்ணிட்டேன். அவங்க திரும்பக் கூப்பிட்டாங்க, எடுத்து வண்டி நம்பரைச் சொல்லலாம்தானே, நம்பரே நெனப்புக்கு வரலை. அத்தனை வருசம் அந்த நம்பர் பிளேட்டுக்கு மஞ்சள் தடவுன கை இது. கடைசி எண்ணு எட்டு, இல்லை மூணு.

டார்ச்சை எடுத்தேன். எதுக்குன்னு தெரியாமத்தான் எடுத்தேன். வெளுத்த லென்ஸை டார்ச்சு மூஞ்சியில வெச்சு ரப்பர் பேண்டு போட்டு, மாடிச் செவுத்து மேல நிறுத்திட்டு, இந்தக் கோடிக்கு வந்து நின்னு பாத்தேன். பின்னாடி வர்ற ஒருத்தனாட்ட நின்னு பாத்தேன். எங்க செவப்பு? ஒரு மஞ்சளும் வெள்ளையும், பனியில நெலாவாட்ட. போற வண்டி மாதிரியே இல்லை. எதுக்க வர்ற வண்டி. சாமி, எதுக்க வர்ற வண்டி மாதிரி இருக்குது! பின்னாடி வர்றவன் நெனைப்பான், யாரோ ராங்குல ஏறி வர்றான்னு. நெனைச்சு ஒதுங்குனா எங்க ஒதுங்குவான், பள்ளத்துப் பக்கம் ஒதுங்குவானா, இல்லை ஒதுங்காம நேரா வந்து... லாரிக்காரங்க கேரட்டும் முட்டைக்கோசும் ஏத்திட்டு மண்டிக்கு நேரத்துல சேரோணும்னு எறங்கிட்டு இருப்பாங்க. அத்தனை பாரம் பிரேக்குக்கு நிக்குமா? ஹெரால்டு ஒரு தகர டப்பா, இவரு சாஞ்சாலே கதவு உள்ள போகும். மிருது பின்கண்ணாடியில பாப்பா, வெளிச்சம் வரும், பெருசா வரும், அவளுக்கு எதுவும் புரியாது, கால் நடுங்கும், என்னைய மாதிரிதான் அவளுக்கும் பயம் வந்தா மொதல்ல கால்தான் நடுங்கும். அவ பொறந்தப்ப ரத்தத்தோட தூக்கிக் காட்டுனாங்க, அப்பப் பாத்த செவப்பு. வேண்டாம், அதை நெனைக்காத. அந்த டம்ளர்ல ரத்தமாட்டப் பரவுச்சுன்னு ஏண்டி அன்னைக்கு அப்படித் தோணுச்சு உனக்கு? வேற எதுவும் தோணலையா, வேற பொருளே இல்லையா உலகத்துல? டார்ச்சை அமத்துனேன். இருட்டுல ரூமுக்குள்ள போயி அச்சை எடுத்தேன், மூணு அச்சு, எவ்வளவு பாடுபட்டு எடுத்தது, கத்திரியில வெட்டுனேன், சிலிக்கான் வழுக்குது, கையிலயும் வெட்டு விழுந்துது, வெட்டி வெட்டித் துண்டு போட்டேன். வெட்டி முடிச்சும் ஒண்ணும் கொறையலை. அலமாரியில துணிக்குள்ள அந்த ஒரிஜினல் இருக்குது, விரிஞ்சுபோனது. எடுத்து டார்ச்சு முன்னாடி புடிச்சேன். செவத்துல விழுந்துது பாரு செவப்பு. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே வெயில்ல நிக்க ஆரம்பிச்சது, எத்தனை சித்திரை பாத்திருக்கும், ஒரு பொட்டு வெளுக்கலை. விரிசல் விழுந்தும் வெளுக்கலை. உசுரு உசுருன்னு இவரு சொன்னது இதைத்தானா? எனக்கு அழுகை வந்துருச்சு, சத்தம் போட்டே அழுதேன். கேக்க யாரு இருக்கறாங்க வூட்டுல.

கீழ எறங்கி வந்துட்டேன். கேட்டுகிட்டயே நிக்கறேன். துடியலூர் மெயின் ரோட்டுல போற ஒவ்வொரு வண்டியும் காதுல விழுது, பஸ்ஸு, பைக்கு, மறுபடி பஸ்ஸு. எது வந்தாலும் அது போனதுக்கப்பறம் பின்பக்கத்தைத்தான் பாக்கறேன், செவப்பு, செவப்பு, செவப்பு. எல்லாத்துக்கும் செவப்பா எரியுது, ஒரு ஓட்டை ஆட்டோவுக்குக் கூட எரியுது. எதிர்த்த வீட்டுப் பொண்ணு எட்டிப் பாத்து, "என்னங்கக்கா, கையில ரத்தம்?"னா. ஒண்ணுமில்லை கண்ணு, கத்திரி பட்டுருச்சுன்னேன். மருதமலை முருகா, அவங்க ரெண்டு பேரும் வந்துரட்டும், நான் இனி ரெசினைத் தொட மாட்டேன், பேச மாட்டேங்கறதையே விட்டர்றேன், இவரு எந்த வேட்டிய வேணும்னாலும் கட்டிக்கட்டும், மிருது எந்த மலையில வேணும்னாலும் ஓட்டட்டும். இல்லை, ஓட்ட வேண்டாம். ஓட்டட்டும். முருகா, வந்து சேர்ந்தாப் போதும். வண்டி ரிப்பேராகி எங்காச்சும் நின்னிருக்கோணும், அந்தக் கெழட்டு வண்டி வாரத்துல ஒரு நாள் நிக்குமே, இன்னைக்கு நிக்கக் கூடாதா, டீக்கடை பக்கத்துல, வெளிச்சத்துல. நின்னா நடு ரோட்டுல நின்னுரும், அதுவும் வேண்டாம். காலையில அந்தப் பத்தடி. ஒரு தோசையைப் போட்டுட்டு பத்தடி. மறுபடி அந்த ஆரன் காதுல கேக்குது, சின்னதா, ஒரே தடவை. கேக்குதா? கேக்குது. நெசமாவே கேக்குது. தெரு முக்குல ரெண்டு லைட்டு, மங்கலா, பக்கத்துல பக்கத்துல இருக்கற ரெண்டு முட்டைக் கண்ணு, அந்த இருமல் சத்தம். நான் கேட்டைத் தெறக்கலை. கேட்டைத் தாண்டி வெளிய ஓடுனேன். முன்சீட்டுல ரெண்டு தலை தெரிஞ்சுது, ஓட்டறது மிருது. உசுரோட, முழுசா, என்னையப் பாத்துச் சிரிக்கறா. நான் அவளைப் பாக்காமப் பின்னாடி ஓடுனேன்.

வெள்ளை. வலது கொஞ்சம் பழுப்பு, எடது சுத்த வெள்ளை.

எங்கூட்டுக்காரர் கதவைத் தெறந்துட்டு எறங்கறப்பவே ஆரம்பிச்சுட்டாரு. "சோத்தைப் போடு கலா, பசி உசுரு போகுது. எறங்கறப்ப இவதான் ஓட்டுனா, ஒரு எடத்துல ஆஃப் ஆகலை பாத்துக்க, உன்ற பொண்ணாக்கும்! ஒரே ஒரு தொல்லை, அந்த லாரிக்காரன். பர்லியாத்துக்கு மேல வந்து ஒட்டுனான் பாரு, கேரட் வண்டி. முதுகுக்குப் பின்னாடியே. போகட்டும்னு இவளைச் சைடு குடுக்கச் சொன்னேன், போக மாட்டேங்கறான். நின்னா நிக்கறான். நாலு இண்டிகேட்டரும் மின்ன விட்டுட்டு, ஆரனை வேற அடிச்சுட்டு. பின்னாடி எத்தனை வண்டி கத்துது, ஒருத்தனையும் விடாம ரோட்டையே அடைச்சுட்டு எங்க பின்னாடியே மேட்டுப்பாளையம் வரைக்கும் வந்தான். பொம்பளப்புள்ள ஓட்டறான்னு வம்புக்கு வர்றான்னு எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு."

"அந்த அண்ணன் எதோ சொன்னாருப்பா"ன்னு மிருது உள்ள இருந்து சொன்னா. "மண்டிக்குத் திரும்பறப்ப பக்கத்துல வந்து, கையை வெளிய நீட்டிப் பின்னாடி, பின்னாடின்னு காட்டுனாரு. நீங்கதான் கண்ணாடிய ஏத்தச் சொல்லீட்டீங்க."

கையில இருந்த அந்த வெளுத்த லென்ஸை இவருகிட்ட நீட்டுனேன். இது என்னன்னு கேட்டாரு. பின்னாடி வாங்கன்னேன். "மொதல்ல சோறு..." வாங்கங்கன்னு கத்திட்டேன். மிருது, பிரேக்கை அமுத்து கண்ணுன்னேன்.

அவ அமுத்துனா. எங்க ரெண்டு பேரு மேலயும் வெள்ளையா வெளிச்சம் விழுந்துது. இவரு அதைப் பாத்தாரு, கையில இருக்கற லென்ஸைப் பாத்தாரு, மறுபடி அதைப் பாத்தாரு. திட்டுவாருன்னு நின்னேன். திட்டட்டும், அடிக்கட்டும். இவரு கேட்டைப் புடிச்சுட்டு நின்னாரு.

"கலா, நான் அவனுக்குச் செருப்பைக் கழட்டிக் காட்டிட்டு வந்தேன்."

உள்ள மிருது இன்னும் காலை எடுக்கலை. சின்ன வயசுல இருந்து இந்த எடத்துல என்ன நடக்கும்னு அவளுக்குத் தெரியும், நான் சொல்லட்டும்னு காத்துட்டு இருக்கறா.

"அம்மா, எரியுதா?"

எரியுதுன்னு சொல்லாம நான் போயி அவ பக்கத்துக் கதவைத் தெறந்தேன். எறங்கி வா சாமின்னேன்.